நோய் விவரமும் குடும்ப மானமும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)



கல்வி நிதி, திருமண மண்டபம், சிக்கனம் முதலாக இம்மேடையிற் பேசுதற்குரிய விஷயங்கள் பல இருக்க, நாம் இன்று எடுத்துக்கொண்டது நம் குடும்பங்களின் நோய் விவரங்களும் சொந்த விவரங்களும் கைப்பேசி வழியாக ஊரெல்லாம் உலாவுவதைப் பற்றியதாகும். "இது கம்ப்யூட்டர் படித்தவர்கள் கம்பெனிகளிற் பேச வேண்டிய சங்கதியல்லவா? சங்கத்துக்கும் இதற்கும் யாது சம்பந்தம்?" என்று சிலர் வினவலாம். சம்பந்தம் உண்டு. அயலான் ஒருவன் எங்கோ இருந்துகொண்டு நம் கணக்கிலுள்ள பணத்தைத் திருடினால், போலீஸும் பாங்கியும் அவனைத் தேடும். நம் வீட்டுப் பெண்ணின் வைத்தியச் சீட்டு நம்மவரிடையே கைமாறிக் கைமாறிச் சென்று அவளுக்கு வந்த வரனைத் தடுத்துவிட்டால், யாரைத் தேடுவது? அதனை அனுப்பியவரெல்லாரும் நம் மாமன் மைத்துனர்களே. ஆதலின் இது சங்கத்துக்கே உரிய விஷயமென்று கருதி, உங்கள் பொறுமையை வேண்டிப் பேசத் தொடங்குகிறோம்.

நோயாளியின் இரகசியத்தைக் காப்பது வைத்தியனுடைய கடமையென்பது நம் தேசத்தில் மிகப் பழைய கொள்கையாகும். சரக ஸம்ஹிதையிலே, வைத்தியம் பயிலப் புகும் மாணாக்கனுக்கு ஆசிரியர் விதிக்கும் நியமங்களுள், நோயாளியின் வீட்டு நடப்புக்களை வெளியிற் சொல்லலாகாது என்பதும் ஒன்று. இக்காலத்து டாக்டர்களுக்கும் 2002-ஆம் ஆண்டில் இந்திய மெடிகல் கவுன்ஸில் வகுத்த நடத்தை விதிகள் இதனையே கட்டளையிடுகின்றன. ஆனால், அக்காலத்தில் நோய் விவரம் என்பது வைத்தியரின் நெஞ்சிலும், மிஞ்சினால் அவருடைய பீரோவிலுள்ள நோட்டுப் புத்தகத்திலும் இருந்தது. இப்பொழுதோ அது நோயாளியின் கைக்கே வந்துவிட்டது. இரத்தப் பரிசோதனையின் முடிவு கைப்பேசியில் வருகிறது. ஸ்கேன் படம் வருகிறது. டிஸ்சார்ஜ் சம்மரி வருகிறது. நம்முடைய விவரம் நம்மிடமே இருப்பது பெரிய நன்மைதான், அதில் ஐயமில்லை. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் அவருடைய வைத்தியப் பதிவுகளைத் தரவேண்டுமென்று மேற்சொன்ன விதிகளே கூறுகின்றன. எனினும், காப்பவர் என்னும் பொறுப்பு டாக்டரிடமிருந்து நம்மிடம் மாறியிருக்கிறது என்பதை நம்மவர் பலர் இன்னும் உணர்ந்தாரில்லை.

அச்சீட்டு எவ்வாறு பயணம் செய்கிறதென்று சிறிது கவனியுங்கள். பரிசோதனைச் சாலையிலிருந்து மூத்த மகனுக்கு வருகிறது. அவன் அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவிற் போடுகிறான்; பாம்பாயில் இருக்கும் தம்பிக்கும் கோயம்புத்தூரில் இருக்கும் அக்காளுக்கும் தெரியவேண்டாமா? சித்தப்பா அதனைத் தமக்குத் தெரிந்த டாக்டருடைய மைத்துனருக்கு அனுப்புகிறார், ஒரு யோசனை கேட்பதற்காக. அவர் தம் மனைவிக்கு. அம்மையார் தம் தமக்கைக்கு. ஒருவர் மனத்திலும் கெடுதல் கிடையாது. அத்தனை பேரும் அன்பினாலேயே அனுப்பினவர்கள். மூன்றாம் நாள் நம் சங்கத்து வட்டாரக் குழுவில், "நம்மவர் ஒருவருக்கு அவசர உதவி" என்ற தலைப்புடன், நோயாளியின் புகைப்படமும் ஆதார் அட்டையும் ஆஸ்பத்திரிச் சீட்டும் ஒருங்கே வந்து சேர்கின்றன. அத்தகைய குழு ஒன்றில் 1,024 பேர் வரையில் இருக்கலாம்.

வாட்ஸ்அப்பில் அனுப்புவது பூட்டியே செல்கிறது, இடையில் எவரும் படிக்கவியலாது என்று வாலிபர்கள் சொல்லுவார்கள். மெய்தான், 2016 முதல் அவ்வாறே. தபாற்காரர் உறையைப் பிரிக்கமாட்டார் என்பதுதான் அதன் பொருள். உறையைப் பெற்றவர் கடிதத்தைத் தெருவிற் படித்துக் காட்டுவதை எந்தப் பூட்டும் தடுக்காது. மேலும், பெற்றவருடைய கைப்பேசியில் அப்படம் தானாகவே புகைப்படத் தொகுப்பிற் சென்று தங்கிவிடுகிறது. அவருடைய பேரன் விளையாடும்போது அதைக் காண்கிறான். பழைய கைப்பேசியைக் கடையிற் கொடுத்துப் புதியது வாங்கும்போது, துடைக்காமற் கொடுத்தால், கடைக்காரனும் காண்கிறான். அனுப்பினவர் தம்மிடத்திலுள்ள பிரதியை அழித்துவிட்டேன் என்று நிம்மதியாக உறங்குகிறார்.

நம்மவரிடையே நடந்த ஒன்றைச் சொல்லுவோம். பெயர் சொல்லோம், ஊரும் சொல்லோம். ஊரை மாற்றிச் சொல்லவும் மனமில்லை. அதன் காரணம் பின்னால் விளங்கும். ஒரு பெண்ணுக்குக் கல்லூரியிற் படிக்கும்போது க்ஷயரோகம் கண்டது. ஆறு மாதம் மருந்து உண்டாள், முற்றிலும் குணமானாள். இக்காலத்தில் அந்நோய் தீரக்கூடியதே. ஒழுங்காக மருந்துண்டவர்கள் பிறரைப்போல் வாழ்ந்து, பிள்ளைகளைப் பெற்று, முதுமை எய்துகிறார்கள். தகப்பனார் கையிற் பணமில்லாத காலம் அது. உற்றார் ஒருவர் இரக்கங்கொண்டு, அவளுடைய படத்தையும் எக்ஸ்ரேயையும் குழுக்களுக்கு அனுப்பினார். பணமும் ஓரளவு சேர்ந்தது. நான்கு வருஷம் கழித்து அப்பெண்ணுக்கு வரன் பார்த்தபோது, ஜாதகம் பொருந்தி, பிள்ளை வீட்டாரும் மனம் ஒப்பி, நிச்சய தாம்பூலத்துக்கு நாள் குறிக்கும் தறுவாயில், அதே படமும் எக்ஸ்ரேயும் பிள்ளையின் தாயாருடைய கைப்பேசிக்கு எங்கிருந்தோ வந்து சேர்ந்தன. "குணமாயிற்று" என்ற சீட்டு அதனுடன் வரவில்லை. அதனை எவரும் எந்நாளும் குழுவிற் போட்டதில்லையே! வரன் போயிற்று. அடுத்த வரனும் அவ்வாறே போயிற்று. அப்பெண் இப்பொழுது சென்னையில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறாள். நம் விசேஷங்களுக்கு மட்டும் வருவதில்லை. அவளுடைய தாயார், "உதவி கேட்காமலே இருந்திருக்கலாம்" என்று நம்மிடம் சொன்னார்கள். உதவி செய்வதற்கென்றே ஏற்பட்ட ஒரு சங்கத்தில் இச்சொல் பிறக்கலாமா என்பதுதான் இன்று நம் மனத்தை வருத்துவது.

"பெயரை மறைத்துவிட்டாற் போகிறது, இதற்கு இவ்வளவு பிரசங்கம் எதற்கு?" என்று கேட்பீர்கள். இங்கேதான் நம்மவர் சிறப்பாய்க் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. 1990-களில் அமெரிக்க தேசத்து மாஸாசூஸெட்ஸ் மாகாணத்தில், அரசாங்க ஊழியர்களின் ஆஸ்பத்திரி விவரங்களை, பெயர், விலாசம் முதலியவற்றை நீக்கி, ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுத்தார்கள். ஊழியர்களின் இரகசியத்துக்கு யாதொரு பங்கமும் வாராதென்று அம்மாகாணத்துக் கவர்னர் வில்லியம் வெல்டு உறுதி கூறினார். அப்போது மாணவியாக இருந்த லட்டான்யா ஸ்வீனி என்னும் அம்மையார், கவர்னர் வசித்த கேம்பிரிட்ஜ் நகரத்து வாக்காளர் பட்டியலை இருபது டாலர் விலைகொடுத்து வாங்கி, இரண்டையும் ஒப்பிட்டார். கவர்னர் பிறந்த தேதியிற் பிறந்தவர் அந்நகரத்தில் ஆறு பேர். அவர்களுள் ஆண்கள் மூவர். அம்மூவருள் அவருடைய தபால் எல்லையில் இருந்தவர் ஒருவரே. ஆகவே பெயரில்லாத அக்குவியலிலிருந்து கவர்னருடைய நோய் விவரத்தை அவ்வம்மையார் எடுத்துக் கவர்னருடைய காரியாலயத்துக்கே அனுப்பினார். பிறந்த தேதி, ஆணா பெண்ணா என்பது, தபால் எல்லை என்னும் இம்மூன்றுமே போதுமாயிருந்தன.

ஒரு பெரிய நகரத்தில் அப்படியென்றால், நம் நிலை யாது? நாம் சில ஆயிரங் குடும்பங்கள். இன்ன ஊர், இன்ன கோயிற் பங்காளி, இன்னார் வீட்டு மருமகள் என்று ஒருவரை யொருவர் அறிவோம். "தெற்கே ஓர் ஊரில், ஜவுளிக்கடை வைத்திருப்பவருடைய இரண்டாவது பெண், பி.ஈ. படித்தவள்" என்று சொன்ன மாத்திரத்தில், "ஓகோ, அவளா!" என்று முன் வரிசையில் இருக்கும் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். அமெரிக்க மாணவிக்கு வாக்காளர் பட்டியல் வேண்டியிருந்தது. நமக்கு அதுகூட வேண்டியதில்லை. நம் பெரிய மாமியாரே போதும். (சிரிப்பு.) இதனாலேயே மேற்சொன்ன பெண்ணின் ஊரை மாற்றிச் சொல்லவும் நாம் துணியவில்லை. நெருங்கிய உறவே நம் சமூகத்தின் பலம். அந்நெருக்கத்தினாலேயே நம்மிடையே பெயர் மறைத்தல் என்பது பயன்படாமற் போகிறது.

இத்துடன் நம்மவரின் குடும்ப விவரப் புத்தகத்தையும் சேர்த்து எண்ணிப்பாருங்கள். அதனை முதலில் அச்சிட்ட பெரியோர்களின் நோக்கம் போற்றத் தக்கது. வெளியூர் சென்ற நம்மவர் ஒருவரை யொருவர் அறியவும், வரன் தேடவும் அது பெரிதும் உதவிற்று. அச்சிட்ட புத்தகம் வீட்டுப் பீரோவில் இருந்தது. அதைப் பார்க்க விரும்புகிறவர் வீட்டுக்கு வந்து, காபி அருந்தி, கேட்டுப் பார்க்கவேண்டும். அதே புத்தகத்தை இன்று பி.டி.எப். ஆக்கி அனுப்பினால், பிறந்த தேதி, இரத்த வகை, கைப்பேசி எண், வீட்டு விலாசம், வெளிநாட்டில் இருக்கும் மகனுடைய உத்தியோகம் ஆகிய யாவும் ஒரு நொடியில் தேடி எடுக்கக்கூடிய பொருளாகிவிடுகின்றன. வயது சென்ற தம்பதிகள் தனியாக வசிக்கும் வீடு எது என்பதுங்கூட அதிலிருந்து தெரியும். அன்று ஏற்றதாயிருந்த படிவம் இன்றைய நிலைக்கு ஏற்றதன்று.

நிற்க. இவ்விஷயத்தில் மிக வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. அதற்கு விடை கூறாமற் செல்வது நியாயமாகாது. "நோயை மறைத்துக் கலியாணம் செய்துவைப்பது மோசமல்லவா? பெண் கொடுப்பவர், பெண் எடுப்பவர் எல்லாவற்றையும் விசாரிக்கத்தானே செய்வார்கள்? நீங்கள் சொல்லும் இரகசியம், வஞ்சகத்துக்குத் துணையாகாதா?" என்று ஒரு பெரியவர் சென்ற வாரம் நம்மைக் கேட்டார். கேட்டது முறையே.

நம்முடைய அபிப்பிராயத்தைச் சொல்லுகிறோம். இல்லற வாழ்வைப் பாதிக்கத் தக்க நோய் இருக்குமாயின், அதனைத் திருமணத்துக்கு முன்னமே, வாழப்போகிற இருவரும் ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். இதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால், சொல்ல வேண்டியவர் நோயுற்றவர். கேட்க வேண்டியவர் அவரை மணக்கப்போகிறவர். இடையிலே ஆயிரம் பேருக்கு இடமெங்கே? தானே சொல்லும்போது, என்ன நோய், என்ன சிகிச்சை, இப்பொழுது எந்த நிலை, டாக்டர் என்ன சொல்லுகிறார் என்பதையெல்லாம் முழுதும் சொல்லலாம்; கேட்பவரும் சந்தேகம் தெளியலாம். குழுவில் வரும் படமோ பாதி உண்மை, பழைய உண்மை, கேள்வி கேட்டால் விடை சொல்லாத உண்மை. இதை ஆதாரமாகக் கொண்டு வரனைத் தள்ளுகிறவர், தாம் ஜாக்கிரதையாக நடந்ததாக எண்ணிக்கொள்ளுகிறார். குணமான நோயைக் கண்டு அஞ்சி நல்ல மருமகளை இழந்தவர் அவர் என்பதே மெய்.

இதன் தொடர்பாக ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. சுப்ரீம் கோர்ட்டு 1998-ஆம் ஆண்டில் தீர்மானித்தது. வாதி "மிஸ்டர் எக்ஸ்" என்றும் பிரதிவாதி "ஆஸ்பத்திரி இசட்" என்றும் மாத்திரமே தலைப்பிற் குறிக்கப்பட்டனர். வாதி நாகாலாந்து மாகாணத்து டாக்டர். 1995-இல் ஒரு நோயாளிக்குத் துணையாகச் சென்னைக்கு வந்தபோது இரத்த தானம் செய்தார். பரிசோதனையில் அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அவ்வாண்டு டிஸம்பரில் நடக்கவிருந்த அவருடைய கலியாணம் அச்செய்தி வெளியானமையால் நின்றது. ஆஸ்பத்திரி தம் இரகசியத்தைக் காக்கவில்லை யென்று அவர் வழக்காடினார். கோர்ட்டார், இரகசியம் காத்தல் டாக்டரின் கடமையே யாயினும், அப்பெண்ணின் உயிருக்கும் உடலுக்கும் நேரக்கூடிய அபாயம் அதனினும் பெரிதென்று கூறி, அவருக்கு விரோதமாகத் தீர்ப்பளித்தனர். மணம் செய்துகொள்ளும் உரிமையைப் பற்றி அத்தீர்ப்பிற் சொல்லப்பட்டவை அவ்வழக்குக்கு வேண்டாதவை யென்று 2002-இல் அதே கோர்ட்டு விளக்கியது. இவ்வழக்கைச் சிலர், "பார்த்தீர்களா, இரகசியமென்று ஒன்றுமில்லை யென்று கோர்ட்டே சொல்லிவிட்டது" என்று எடுத்துக் காட்டுவதுண்டு. அவர்கள் வழக்கின் ஒரு பகுதியை விட்டுவிடுகிறார்கள். செய்தி அப்பெண்ணோடு நிற்கவில்லை. உறவினரும் சமூகத்தாரும் அந்த டாக்டரை இகழ்ந்து ஒதுக்கினர். அவர் தம் ஊரை விட்டு வெளியேறிச் சென்னையில் வந்து வாழவேண்டியதாயிற்று. கோர்ட்டார் எடுத்துப் பேசிய அபாயம் மணக்கவிருந்த பெண்ணுக்கு நேரக்கூடியது. ஊராருக்கு அதில் என்ன அபாயம்?

பின்னர் 2017-இல் இயற்றப்பட்ட எச்.ஐ.வி. சட்டம் இவ்வேற்றுமையைத் தெளிவாகவே வகுத்துவிட்டது. எவரையும் தம் நிலையை வெளியிடும்படி கட்டாயப்படுத்தலாகாது. தம் துணைவருக்கு அபாயம் நேராமற் காப்பது நோயுற்றவருடைய கடமை. சொல்லும்படி ஆலோசனை கூறியும் அவர் சொல்லமாட்டாரென்று தெரிந்தால், அவருக்கு முன்னறிவித்துவிட்டு, டாக்டர் அத்துணைவருக்கு மாத்திரம் தெரிவிக்கலாம். அண்டை அயலாருக்கும் சங்கத்தாருக்கும் அச்சட்டத்தில் இடமில்லை.

அதே 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் தேதி, சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து, அந்தரங்கம் என்பது அரசியற் சட்டத்தின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றென்று ஒருமுகமாகத் தீர்ப்புக் கூறினர். அவ்வழக்கைத் தொடுத்தவர் புட்டஸ்வாமி என்னும் ஓய்வு பெற்ற கர்நாடக ஹைக்கோர்ட்டு நீதிபதி. வழக்குத் தொடுத்தபோது அவருக்கு எண்பதைக் கடந்த வயது. நம் சங்கத்துப் பெரியவர்கள் இதைக் கவனிப்பார்களாக. இது இளைஞர்களின் சங்கதியென்று ஒதுங்க வேண்டியதில்லை. மனநோய்ச் சிகிச்சை பெறுவோருடைய விவரங்களைக் காக்கவும் அவ்வாண்டிலேயே தனிச் சட்டம் உண்டாயிற்று. 2023-இல் சொந்த விவரப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரிற் பிரசுரமாயின. முக்கியமான கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்து அமலுக்கு வருமாறு அவ்விதிகள் வகுத்துள்ளன. தனி மனிதர் தம் வீட்டுக் காரியத்துக்காகக் கையாளும் விவரங்களை அச்சட்டம் தொடாது. சங்கமோ தனி மனிதரன்று. நாம் கம்ப்யூட்டரில் வைக்கும் அங்கத்தினர் பட்டியல், வரன் பதிவு, வைத்திய உதவி மனு ஆகியவற்றுக்கு நாம் பொறுப்பாளிகளாவோம். இன்ன காரியத்துக்கென்று சொல்லிச் சம்மதம் பெற்று வாங்கவேண்டும். அக்காரியம் முடிந்தபின் அழிக்கவேண்டும். காவற் குறைவால் விவரம் வெளியேறினால் விதிக்கத்தக்க அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். அத்தொகையைச் சொல்லி உங்களை அச்சுறுத்த நாம் விரும்பவில்லை. நம் பொக்கிஷதாரரவர்களின் முகம் வாடுவது தெரிகிறது. (சிரிப்பு.)

பெரிய ஸ்தாபனங்களே கட்டிக்காக்க முடியாமல் தவிக்கின்றன என்பதையும் அறிந்திருப்பீர்கள். 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைக் கயவர் முடக்கியதால், அங்கே பல நாட்கள் காகிதத்திலேயே எழுதிச் சிகிச்சை நடத்த நேர்ந்தது. 2024-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வாடிக்கைக்காரருடைய விவரங்கள், பரிசோதனை முடிவுகள் உட்பட, டெலிகிராமிற் கேட்டவர்க்குக் கிடைப்பதாகச் செய்தி வெளிவந்தது. கம்பெனியார் சென்னை ஹைக்கோர்ட்டை அணுகித் தடையுத்தரவு பெற்றனர். கோடிக்கணக்கிற் செலவிடக்கூடியவர்களுக்கே இது நேருமாயின், ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், அதற்கு ஊரறிந்த ஒரு பாஸ்வேர்டு என்று நடக்கும் சங்கக் காரியாலயங்கள் என் செய்யும்? நம்மால் இயன்ற சிறந்த காவல் ஒன்றே. வேண்டாததை வாங்காதிருத்தல், வாங்கியதை நெடுநாள் வைக்காதிருத்தல். இல்லாத சீட்டை எவரும் திருடவியலாது.

கயவருக்கு நோய் விவரம் எதற்கு உதவுமென்று கேட்பாருமுளர். "அம்மா, சென்ற செவ்வாய்க்கிழமை உங்கள் வீட்டுக்காரருக்கு இருதய ஆபரேஷன் நடந்ததல்லவா? இன்ஷூரன்ஸ் பணம் வந்திருக்கிறது. கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணைச் சொல்லுங்கள்" என்று ஒருவன் பேசினால், அவ்வம்மையார் நம்பாமல் என்ன செய்வார்? நாளும் ஆஸ்பத்திரியும் சரியாகச் சொல்லுகிறானே! அத்தகைய பேச்சு வந்தால் வைத்துவிட்டு, நாமே ஆஸ்பத்திரிக்கோ இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்கோ பேசவேண்டும். பணம் போய்விட்டாற் காலந் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணுக்குச் சொல்லவேண்டும்.

இனி வைத்திய உதவி நிதியைப் பற்றிச் சொல்லுவோம். நம் நோக்கமெல்லாம் இதில்தான் இருக்கிறது. படமும் சீட்டும் காட்டாவிட்டாற் பணம் சேராதென்பது பொதுவான எண்ணம். கொடுப்பவர் மோசம் போகாமலிருக்க ஆதாரம் வேண்டுமென்பதும் நியாயமே. ஆனால் ஆதாரத்தை ஆயிரம் பேர் பார்க்கவேண்டுமா? நிர்வாக சபையிலிருந்து மூவர், அவர்களுள் ஒருவர் பெண்மணியாகவும் கூடுமானால் ஒருவர் டாக்டராகவும் இருந்து, சீட்டுக்களை நேரிற் பார்த்து, ஆஸ்பத்திரியை விசாரித்துத் திருப்தியடையட்டும். பிறகு, "நம் அங்கத்தினர் குடும்பம் ஒன்றுக்குச் சிகிச்சைச் செலவுக்காக இவ்வளவு தொகை வேண்டும், மூவரும் பார்த்து உறுதி செய்திருக்கிறோம்" என்று மட்டும் எழுதலாம். வயது வேண்டாம், ஊர் வேண்டாம், நோயின் பெயர் வேண்டாம். பணத்தை ஆஸ்பத்திரிக்கே செலுத்திவிட்டால், கொடுத்தவருக்கும் சந்தேகமில்லை, பெற்றவருக்கும் தலைகுனிவில்லை. படம் போட்டு ஆதாரம் காட்டுவதுதான் மோசடிக்கு இடமாகிறது; அதே படத்தையும் அதே சீட்டையும் எடுத்து, வங்கிக் கணக்கின் எண்ணை மாத்திரம் மாற்றி வேறு குழுக்களில் எவனும் உலாவ விடலாம். இம்முறையிற் பணம் குறைவாக வருமோ என்ற ஐயம் நமக்கும் உண்டு. முதலில் குறையவுங் கூடும். அப்படிக் குறைந்தால், மகமையிலிருந்து ஒரு பங்கை இந்நிதிக்கு நிரந்தரமாக ஒதுக்கிவிடலாம் என்பது நம் யோசனை. கஷ்டப்படுகிறவன் தன் நோயைக் கடை பரப்பித்தான் உதவி பெறவேண்டுமென்பது நம் முன்னோர் வழியன்று.

வீடுகளிற் செய்யவேண்டியவை சிலவுண்டு. ஆதார் அட்டையைக் கேட்ட இடத்திலெல்லாம் கொடுக்கிறோம். பன்னிரண்டு எண்களுள் கடைசி நான்கு மட்டும் தெரியும்படி மறைத்த அட்டையை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே பெறலாம். பல காரியங்களுக்கு அதுவே போதும். ஜெராக்ஸ் கடை விஷயம் மிகவும் முக்கியமானது. பிரதி எடுப்பதற்காக ஆஸ்பத்திரிச் சீட்டைக் கடைக்காரருடைய வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டு, இரண்டு ரூபாய் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். சீட்டு அவருடைய கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடுகிறது. அங்கேயே நின்று, "தம்பி, அதை அழித்துவிடுங்கள்" என்று சொல்லி, அழிப்பதைப் பார்த்துவிட்டு வரக் கூச்சப்படவேண்டாம். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது நோயை மறைக்கலாமென்று நாம் சொன்னதாக எவரும் கொள்ளலாகாது. அங்கே உள்ளதை உள்ளபடி எழுதாவிட்டால், பின்னர்ப் பணம் கிடைக்காது.

எல்லாவற்றினும் மேலாக ஒன்று. நோயாளியைக் கேட்டீர்களா? மனைவியின் கர்ப்பப்பைச் சிகிச்சையைக் கணவர் தம் சிநேகிதருக்குச் சொல்லுகிறார். வயது வந்த மகளின் மனச்சோர்வைத் தாயார் தம் நாத்தனாருக்குச் சொல்லுகிறார். தம் வீட்டு விஷயந்தானே என்பது அவர்கள் எண்ணம். உடம்பு யாருடையதோ, விவரமும் அவருடையதே. "இதை அத்தையிடம் சொல்லட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்பதனால் நம் அதிகாரம் ஒன்றும் குறைந்துவிடாது. அவ்வாறே, விசாரிக்கச் செல்லும் பெரியவர்களும், "உடம்பு எப்படியிருக்கிறது?" என்பதோடு நிறுத்திக்கொண்டால் நலம். "என்ன வியாதியாம்?" என்பது அன்பினாற் கேட்கும் கேள்விதான், விடை சொல்ல விருப்பமில்லாதவர் அதற்காகப் பொய் சொல்லவேண்டியதாகிறது.

இக்காரணங்களைக் கொண்டு, வருகிற நிர்வாக சபைக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவர உத்தேசித்திருக்கிறோம். வைத்திய உதவி மனுக்களை மேற்சொன்ன மூவர் குழுவே பார்க்க வேண்டும். பணம் கொடுத்துக் கணக்கு முடிந்தபின் சீட்டுக்களை மனுதாரரிடமே திருப்பித்தந்து, தணிக்கைக்கு வேண்டிய ரசீதை மாத்திரம் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கத்தினர் படிவத்திலிருந்து ஆதார் எண்ணையும் நோய் விவரத்தையும் நீக்கவேண்டும். இரத்த வகையைத் தானம் செய்ய முன்வருவோர் மட்டும் தரலாம். குடும்ப விவரப் புத்தகத்தின் அடுத்த பதிப்பில், விலாசமும் பிறந்த தேதியும் அச்சிடச் சம்மதமா என்று ஒவ்வொரு வீட்டையும் கேட்கவேண்டும், பி.டி.எப். ஆக வெளியிடலாகாது. வட்டாரக் குழுக்களில் ஆஸ்பத்திரிச் சீட்டோ நோயாளி படமோ வந்தால், குழுவை நடத்துவோர் உடனே அதனை நீக்கி, அனுப்பினவருக்குத் தனியே, மனம் நோகாதபடி சொல்லவேண்டும். இதனை ஆமோதிக்க விரும்புவோரும், மாற்றுக் கருத்துடையோரும், கூட்டத்துக்கு முன் எழுத்து மூலமாகக் காரியதரிசியவர்களுக்குத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம். முன்னர் உதவி பெற்ற குடும்பத்தார், சங்கத்திலுள்ள தங்கள் பழைய சீட்டுக்களைத் திரும்பப் பெற விரும்பினால், காரியாலயத்துக்கு வந்து வாங்கிக்கொள்ளலாமென்று காரியதரிசியவர்கள் இசைந்திருக்கிறார்கள். காரணம் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை. பெயரைச் சொன்னாற் போதும்.